உப்புப் பார்த்த நோன்பு

எங்கள் பள்ளிவாசலின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. நோன்பு மாதத்தில் அங்கேதான் ஊருக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் கிழவர்கள். அவர்களை நிறுத்தி, பட்டினியோடு இந்த வெக்கையில் வந்து எதற்கு அவிகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் "நன்மைக்குத்தான்" என்பார்கள். கேட்டவர்களுக்கு நானும் அதையே சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அது முன்வாசலில் நின்று சொல்லுகிற பதில். கொஞ்சம் உள்ளே போனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்தின் மேல் குந்தியிருப்பது தெரியும். நான் அங்கே போனது ஒளிந்துகொள்வதற்கு.

நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதி அனுப்புவது என் வேலை. டிரைவர் தேநீர் குடித்து முடிக்கவில்லை என்றாலும் விசில் ஊதிவிடுவேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோபத்தை இறக்கி வைக்க வேறு இடம் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன் என்று மனைவி சொல்லுவாள். ஊரில் இன்னமும் டைம்கீப்பர் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எனக்குப் பழைய கூட்டாளி. ஊசி போடத் தொடங்கியது சமீபத்தில்தான். இந்த முறை நோன்புக்கு முந்திய கிளினிக்கில், என் மகளைவிட வயது குறைந்த டொக்டர் பிள்ளை என் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த முறை நோன்பு பிடிக்க வேணாம்" என்றார்.

"சரி, வாற வருசம் பார்ப்பம்" என்றேன்.

"வாற வருசமும்தான் ஐயா. இனி வேணாம்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. மீசை முளைக்க முன்னமே நோன்பு நோற்கத் தொடங்கியவன் நான். டிப்போவில் சித்திரை வெயிலில் தார் உருகும்போதும் விட்டதில்லை. மார்க்கத்தில் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, விட்ட நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்று மௌலவி விளங்கப்படுத்தினார். அறிவுக்கு விளங்கியது. மனதுக்கு விளங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு நோன்பு வந்தது. கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடைகளுக்குத் திரை விழுந்தது. வீட்டில் எனக்கும் திரை விழுந்தது. எங்கள் கிழக்குக் கரையில் வீட்டை மகளுக்குத்தான் சீதனமாகக் கொடுப்போம். கொடுத்த பிறகு அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவோம். முன்வீட்டுக்கு மருமகனின் ஆட்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, லுஹர் என்கிற பகல் தொழுகைக்கு முன் மனைவி பின்வீட்டுக் கதவைத் தாழிட்டு, குசினி ஜன்னலைச் சாத்தி, எனக்குச் சோறு போடுவாள். அவள் நோன்பு. உதடு காய்ந்த மனுஷி ஒருத்தி எதிரே குந்தியிருந்து பரிமாற, நான் மட்டும் விழுங்கினேன். என் சொந்த வளவில் களவெடுத்துத் தின்கிற மாதிரி இருந்தது.

அதில் இன்னொரு கூத்தும் இருந்தது. நோன்போடு சமைக்கிறவள் ருசி பார்ப்பதில்லை. ஒரு நாள் கறி கரித்தது, இன்னொரு நாள் சப்பென்று இருந்தது. எனக்காகப் பட்டினியோடு அடுப்பில் நின்றவளிடம் குறை சொல்ல எனக்கே வாய் வரவில்லை. டிப்போவில் என்னோடு வேலை செய்தவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். நாலைந்து நாள் போன பிறகு அவளே கேட்டாள்.

"உப்பு எப்படி இரிக்கி?"

"கொஞ்சம் கூட."

"வாயத் தொறந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும். நோன்பு திறக்கவும் இந்தக் கறிதான். மகள்ட ஊட்டுக்கும் இதுதான் போகுது."

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டுக் கறிக்கும் நான்தான் உப்புப் பார்த்தேன். தாழிட்ட கதவுக்குப் பின்னால்தான்.

பகலில் வெளியே போனால் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும், "நோன்பு எப்படிப் போகுது காக்கா?" என்று கேட்பார்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்பேன். அது பொய்யாகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டில் இருந்தாலும் தெருவில் நின்றாலும் யாரோ என் வாயையே பார்க்கிற மாதிரி ஒரு நினைப்பு. அப்போதுதான் எனக்குக் கஞ்சிக் கொட்டகை ஞாபகம் வந்தது. பட்டினியோடு நெருப்பில் நிற்கிற கிழவர்களுக்கு நடுவில் நோன்பில்லாதவன் ஒருவன் இருப்பான் என்று எவருக்கும் தோன்றாது. மறுநாள் காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய், "எனக்கும் ஒரு வேலை தாங்க" என்றேன்.

கொட்டகைக்குப் பொறுப்பானவரை ஊரே கஞ்சிக் காக்கா என்று கூப்பிடும். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் நான் மட்டும் மச்சான் என்பேன். வாலிபத்தில் அரிசி ஆலையில் நெல் அவித்தவர். மனைவி மௌத்தாகி அடக்கமாகிவிட்டாள். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு அதன் பின்னறையில் இருக்கிறார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேப்பமர நிழலில் ஒரு பலகையைப் போட்டு, "இதுல இருந்து வெங்காயம் உரிங்க காக்கா" என்றார். நெருப்புப் பக்கம் என்னை விடவே இல்லை. புதியவன் என்று மட்டம் தட்டுகிறார் என்று எனக்குக் கோபம்.

அங்கே இன்னொருவர் இருந்தார். ஒரு காலத்தில் கரைவலை இழுத்தவர். இப்போது கொட்டகையில் எல்லாருடைய காலையும் வாருவதுதான் அவருக்கு முழுநேர வேலை. "டைம்கீப்பர் வந்திட்டார். இனிக் கஞ்சி நேரத்துக்குக் கெளம்பும்" என்றார். அவர் வந்த காரணத்தை அவரே மறைக்கவில்லை. "ஊட்டுல இருந்தா மருமகளுக்கு நான் கண்ணுல பட்ட தூசி. இங்க வந்தா தேங்காய் துருவக் கூப்பிடுறானுகள்" என்பார். கோமாரி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய தேங்காய்களைப் பாட்டோடு துருவித் தள்ளுவார்.

வேலை இப்படி. காலையில் வெட்டுவது, உரிப்பது, துருவுவது. லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் அடுப்பு பற்றும். கிடாரம் என்கிற பெரிய அண்டாவில் அரிசி, வெந்தயம், இஞ்சி, உள்ளி, மணத்துக்கு ரம்பை இலை, இறைச்சி, கடைசியில் தேங்காய்ப் பால். பின்னேரம், வெயில் சாய, அசர் தொழுகை முடியும்போது வாளியும் சட்டியுமாக ஊர் வந்து வரிசையில் நிற்கும். ஒவ்வொரு நாள் கஞ்சியையும் ஒரு குடும்பம் பொறுப்பெடுக்கும். பெரும்பாலும் மௌத்தாகிப் போன உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ நன்மை சேர வேண்டும் என்று கொடுப்பார்கள்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வீறாப்பு இருந்தது. சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை அந்தக் கஞ்சி ஒரு நாக்கிலும் படாது. சமைக்கிறவர் நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது என்று மௌலவி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இவர்கள் கேட்பதில்லை. மச்சான் கிடாரத்தின் மேல் குனிந்து, கண்ணை மூடி, ஆவியை நெஞ்சு நிறைய இழுப்பார். பிறகு "இன்னொரு கை" என்பார், அல்லது "போதும்" என்பார். ஆவியில் உப்புத் தெரியுமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் வருஷக்கணக்காக அவர் கஞ்சியில் உப்புப் பிசகியதில்லை.

எனக்கு அவரிடம் பிடிக்காதது ஒன்றே ஒன்று. அடுப்பு பற்ற வைக்கிற நேரம் பார்த்து, "காக்கா, ஒங்கட வளவுல ரம்பை நிக்கிதானே, கொஞ்சம் வெட்டிட்டு வாங்க. அவசரமில்ல, ஆறுதலா வாங்க" என்பார். தினமும் இதே பாட்டு. காலையிலேயே சொன்னால் வரும்போது கொண்டு வரமாட்டேனா? ஒரு பஸ்ஸை இப்படி வெறுமையாக இரண்டு தரம் ஓடவிட்டால் டிப்போவில் என்னைத் தொலைத்திருப்பார்கள். ஒரு நாள் நானாகவே காலையில் ஒரு கட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "இது காணாது" என்று சொல்லி மறுபடியும் அனுப்பினார். முணுமுணுத்துக்கொண்டே போவேன். எனக்கும் அது தோதாகத்தான் இருந்தது என்பதை இல்லையென்று சொல்லமாட்டேன். போன இடத்தில் கதவைத் தாழிட்டுச் சாப்பிட்டு, வாயைக் கொப்புளித்து, உதட்டை நன்றாகத் துடைத்து, ரம்பையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன். மனைவி வாழைநாரால் கட்டித் தருவாள்.

நோன்பு பாதி தாண்டிய பிறகு அது நடந்தது. அன்றைய கஞ்சி, தாயை இழந்து முதல் நோன்பைக் காணும் ஒரு வீட்டாருடையது. பக்குவமான ஆட்கள். இறைச்சி பழுதாகிவிடக் கூடாதென்று உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தே கொண்டுவந்து தந்தார்கள். அவித்த இறைச்சி வந்தால் மச்சான் முகர்ந்து பார்த்துவிட்டு உப்பைக் குறைப்பது வழக்கமாம். அன்றைக்கு அவர் வழக்கம்போல ஆவியை இழுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு கை" என்றார். போட்டார்கள்.

என் பங்கை வாளியில் வீட்டுக்குக் கொண்டு போனேன். மனைவி நோன்பு திறக்கும் வரை நானும் கஞ்சியைத் தொடுவதில்லை. அந்த மரியாதையாவது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். பாங்கு சொன்னது. அவள் பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, கஞ்சியில் ஒரு வாய் வைத்தாள். முகம் கோணிப்போனது.

"இதக் கடல் தண்ணியிலயா காய்ச்சின?"

ஊர் முழுக்க அன்றைக்கு அதே முகம்தான். அடுத்த நாள் காலையில் கொட்டகையில் அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டு குந்தினோம். கஞ்சி கொடுத்த வீட்டு மகள், "எங்கட உம்மாட பேரில குடுத்தத ஊரே ஊத்திட்டாம்" என்று அழுததாகச் செய்தி வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற மரைக்காயர் வந்தார். நல்ல மனிதர், சத்தம் போடத் தெரியாதவர். அதனால் அவர் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒங்க எல்லாருக்கும் வயசும் போயிட்டு. நோன்போட இந்த நெருப்புல நிக்கிறதப் பார்க்க எங்களுக்கும் ஏலாம இரிக்கி. கல்யாண ஊட்டுக்குச் சமைக்கிற ஆக்கள் இரிக்காங்க. அவங்களுட்ட குடுத்திடுவமா எண்டு யோசிக்கிறம்."

மச்சான் கிடாரத்தைத் தேய்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு நாள் பாருங்க" என்றார்.

பயந்துபோன கை உப்பைக் குறைத்துவிட்டது. அன்றைய கஞ்சிக்கு ஊர் வைத்த பெயர் ஆஸ்பத்திரிக் கஞ்சி. அடுத்த நாள் காலையில் மரைக்காயர் மறுபடியும் வந்து, நாளைக்கு அசருக்கு முன்னால் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், கிடாரத்தையும் அடுப்பையும் காட்ட வேண்டும் என்றும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். கரைவலைக் காக்கா மட்டும், "அடுத்த தெரு மிஸ் ஞாயித்துக்கிழமை சேர்ச்சுக்குப் போற ஆள். அவங்களக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லுவமா?" என்று பகிடி விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் மச்சானோடு நடந்து வந்தேன். அன்றைய கஞ்சி நல்லதா கெட்டதா என்று பாங்கு சொல்லும் வரை எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் வழியில் நின்றார்.

"காக்கா, எனக்கு மணம் தெரியாது."

"என்ன?"

"போன வருசம் ஒரு காய்ச்சல் வந்ததே, அதோட மூக்கு போயிட்டு. இந்த நோன்பு தொடங்கின நாளில இருந்து சும்மாதான் குனிஞ்சி நிண்ட. கை மட்டுக்குப் போட்டன். இவ்வளவு நாளும் எப்படியோ தப்பின."

அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்கட ஊட்டுக்காரிட உடுப்புப் பொட்டி ஒண்டு அறைக்குள்ள இரிக்கி. அவ போன நாளில இருந்து மனம் சரியில்லாட்டி அதத் தொறந்து மணந்து பார்ப்பன். இப்ப அதுவும் இல்ல. வெறும் பொடவைதான் கெடக்கு. மறுகா இந்தக் கிடாரமும் போனா, அசருக்கு நான் எங்க போய்க் குந்துற? மருமகன் வேலையால வந்து கதிரையில இரிக்கிற நேரம் அது. நான் வெளியில நிக்கோணும். எவ்வளவு நேரம்தான் வேலியப் பிடிச்சிட்டு நிக்கிற?"

அவர் அழவில்லை. இவரும் நன்மைக்கு என்று முன்வாசலில் சொல்லிவிட்டு வந்தவர்தான். உள்ளே போனால், அசர் நேரத்துக்கு உட்கார ஓர் இடமும், "காக்கா எப்ப எடுக்கலாம்?" என்று கேட்க ஒரு சனமும் வேண்டியிருந்திருக்கிறது. விசில் ஊத ஒரு பஸ்கூட இல்லாமல் வீட்டில் கிடந்தவனுக்கு அது விளங்காமல் போகுமா?

மறுநாள். அடுப்பு பற்ற வைக்கிற நேரம் மச்சான் ரம்பைக்கு அனுப்பினார். கொட்டகையே போகப் போகிற நாளில் ரம்பை என்ன ரம்பை என்று நினைத்துக்கொண்டு போனேன். மனைவி கதவைத் தாழிட்டு மீன் கறியை ஊற்றினாள்.

"உப்புக் காணாது" என்றேன்.

எழும்பிப்போய் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டு வந்து குந்தினாள். நான் மச்சானின் கதையைச் சொன்னேன். மூக்கைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன். கேட்டு முடிந்ததும் என் சோற்றின் மேல் இன்னும் கொஞ்சம் கறியை ஊற்றினாள்.

"அங்கயும் ஒரு நாக்குத்தானே வேணும்" என்றாள்.

கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தேன். "ஊர் பார்க்க நிண்டு தின்னச் சொல்லுறியா?"

"திங்கச் சொல்லல்ல. உப்புப் பார்க்கச் சொல்லுறன்."

"எல்லாம் ஒண்டுதான்."

"இஞ்சருங்க. ஒங்களுக்கு வருத்தம் தந்ததும் அல்லாஹ், சலுகை தந்ததும் அல்லாஹ். நீங்க என்னத்துக்குக் கதவப் பூட்டிட்டு இரிக்கிங்க? பூட்டுறது நான். எனக்கு இந்தக் கதவச் சாத்திச் சாத்திக் கை அலுத்துப்போச்சி."

அவள் கோபப்பட்டு நான் கண்டது மிகக் குறைவு. ரம்பையைக் கட்டிக் கையில் தந்தாள். அன்றைக்கு நான் உதட்டைத் துடைக்கவில்லை. வேண்டுமென்று அல்ல, மறந்துவிட்டேன்.

அசருக்குச் சற்று முன்னால் மரைக்காயர், சமையல்காரரோடு வந்தார். அந்தத் தம்பி கிடாரத்தின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். தேங்காய்ப் பால் விட்டாகிவிட்டது. மச்சான் கிடாரத்தின் மேல் குனிந்தார். கண்ணை மூடினார். ஆவியை இழுத்தார். உப்புச் சட்டிக்குள் போன கை வெளியே வரவில்லை. அதை நான் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்திருப்பார்கள்.

பலகையை விட்டு எழும்பினேன். சிரட்டை அகப்பையை எடுத்தேன்.

"நான் நோன்பில்ல" என்றேன். "தள்ளுங்க, நான் பார்க்கிறன்."

குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. பஸ் நிலையத்தில் பழகிய தொண்டை. மரைக்காயர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு கணத்தில் வந்த வழியே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கரைவலைக் காக்காதான் வாயைத் திறந்தார். "அது எங்களுக்குத் தெரியும் காக்கா. எங்களுக்குத் தெரியும் எண்டுறது ஒங்களுக்குத்தான் தெரியாம இருந்த. நானும் அதே கிளினிக்குலதானே ஊசிக்கு நிக்கிறன். டொக்டர் ஒங்களுட்டச் சொல்லக்குள்ள ஒங்களுக்குப் பின்னால ரெண்டாவது ஆள் நான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தோம். மரைக்காயரும் சிரித்தார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, "பிஸ்மி சொல்லிக் குடிங்க" என்றார்.

ஊதி ஊதிக் குடித்தேன். பட்டப்பகலில், திறந்த வெளியில், மனிதர்களுக்கு முன்னால். நோன்பு தொடங்கி அன்றைக்குத்தான் ஒரு வாய் உணவு எனக்குத் தொண்டையில் சிக்காமல் இறங்கியது.

"ஒரு கை போடுங்க" என்றேன். கலக்கினார்கள். மறுபடியும் குடித்தேன். "இன்னும் அரைக் கை." மறுபடியும் குடித்தேன். இஞ்சி கொஞ்சம் தூக்கல், ஆனால் அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. "இப்ப சரி. எடுக்கலாம்." விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பேன்.

மரைக்காயர் அன்று நோன்பு திறந்த இடத்தில் இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். பிறகு அந்தச் சமையல்காரத் தம்பியிடம், பெருநாள் முடிந்த பிறகு ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். கஞ்சியைப் பற்றி எங்களிடம் அவர் பிறகு ஒன்றுமே கதைக்கவில்லை. அவர் சுபாவம் அப்படி.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் சனமெல்லாம் வாளியோடு போன பிறகு, கத்திகளைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அதுவரை நான் அந்தப் பக்கம் போனதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது நிழலுக்கே கொண்டுவந்து தருவார்கள். கிணற்றடியில் என் இடுப்பு உயரத்துக்கு ரம்பை புதராக நின்றது. நன்றாக வெட்டி வெட்டி எடுத்த ரம்பை. பக்கத்தில் விறகுக் குவியலின் மேல் என் ரம்பைக் கட்டுகள் கிடந்தன. வாழைநார் முடிச்சு என் மனைவி போட்டது. நாளுக்கு ஒன்றாக, காய்ந்து சருகாகி, முதல் நாள் கொண்டுவந்தது வரை அங்கேயே கிடந்தன. ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை.

ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மச்சான் கிடாரத்துக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன மச்சான்?"

அவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். களவு பிடிபட்ட மாதிரி முகம்.

"ஊசி போடுற ஆள் நேரத்துக்குத் திங்கோணும்தானே" என்றார். "சும்மா ஊட்ட போங்க எண்டா நீங்க போவிங்களா?"

தினமும் அவரைத் திட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். பிறகுதான் மற்றது உறைத்தது. நான் நோன்பில்லை என்பது முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். ருசி பார்க்க ஒரு நாக்கு, கைக்கெட்டும் தூரத்தில், வேப்பமர நிழலில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கஞ்சி கரித்திருக்காது. அந்தப் பிள்ளை தன் உம்மாவை நினைத்து அழுதிருக்காது. மரைக்காயர் வந்திருக்க மாட்டார். கிடாரம் கையை விட்டுப் போகிற அன்றைக்கும் அவர் என்னை ரம்பைக்குத்தான் அனுப்பினார்.

"என்னுட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மச்சான். கிடாரமே போகப் பார்த்ததே."

அவர் மறுபடியும் குனிந்து தேய்க்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒரு மனிசன்ட நோன்பப் பத்தி நான் எப்படிக் கேக்கிற காக்கா?"

அவருக்குக் கேட்காதபடி மூக்கைச் சிந்திவிட்டு, கத்திகளைக் கழுவக் கிணற்றடிக்குத் திரும்பினேன்.

அதற்கடுத்த நாள் அடுப்பு பற்ற வைக்கிற நேரம், அவர் சொல்ல முன்னமே எழும்பினேன். எல்லாருக்கும் கேட்க, "நான் சாப்பிட்டு வாறன்" என்றேன். வீட்டில் மனைவி கதவைச் சாத்தப் போனாள். வேண்டாம் என்றேன். முற்றத்தில் மகளின் மாமியார் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். பார்த்தாள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

திரும்பும்போது ஒரு கட்டு ரம்பை வெட்டிக்கொண்டு போனேன். மச்சான் அதை வாங்கி, இந்த முறை நாரை அவிழ்த்து, இலைகளை முடிந்து கிடாரத்துக்குள் போட்டார். ஆவி எழும்பியது. நான் அகப்பையால் அள்ளி உப்புப் பார்த்து, "சரி" என்று தலையாட்டினேன். அவர் எனக்குப் பக்கத்தில் குனிந்து, பழக்கத்தில் கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்து, என்னிடம் மட்டும் கேட்டார்.

"ரம்பை மணக்குதா காக்கா?"

"ஓம் மச்சான்" என்றேன். "நல்லா மணக்குது."